ஐப்பசி மழைக்கும் மார்கழிப் பனிக்கும் தாங்கும் கோழிக்கூண்டு: பத்துக் கோழிக்கான அளவுகள்

மழைக்காலம் தொடங்கியதும் கோழிக்குக் குளிருமே என்று கூண்டைச் சுற்றி நாலு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிடுவது சென்னையில் வழக்கம். கொஞ்ச நாளில் கோழிக்கு மூக்கு ஒழுகும், ராத்திரியில் குறட்டை கேட்கும், கண்ணோரம் நுரை கட்டும். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். பெரும்பாலும் பழியைச் சுமக்க வேண்டியது தார்ப்பாய்தான்.

சென்னையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சராசரியாக 20, 21 டிகிரி வரை இறங்கும். கோழியின் உடல் வெப்பமோ 41 டிகிரி, மேலே இறகுப் போர்வை வேறு. வளர்ந்த கோழிக்கு இது சுகமான குளிர். தண்ணீர் உறையும் நாடுகளில்கூட, காய்ந்த கூண்டில் இருக்கும் கோழி குளிரைத் தாங்கிவிடுகிறது. காற்றில் ஈரம் தேங்கிய கூண்டில்தான் கொண்டை உறைந்து கருகும் தொல்லை அதிகம். அங்கேயும் இங்கேயும் எதிரி ஈரம்தான்.

அந்த ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு கோழி நாளைக்குக் கால் லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். முட்டைக்குள் போகும் சிறு பங்கு தவிர, மற்றதெல்லாம் எச்சமாகவும் மூச்சாகவும் திரும்ப வெளியே வந்துவிடும். எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். பத்துக் கோழி என்றால் தினமும் சுமார் 2 லிட்டர் தண்ணீரை அவையே கொட்டுகின்றன. காற்று நகராவிட்டால் அது உமியில் ஊறும். ஊறிய எச்சத்தில் நுண்ணுயிர்கள் வேலை செய்து அம்மோனியாவைக் கிளப்பும். அம்மோனியா கண்ணையும் மூச்சுக்குழாயின் உட்பூச்சையும் அரித்த பிறகு, சளி நோய்க் கிருமிகளுக்குக் கதவு திறந்த மாதிரிதான். அதே ஈர உமியில்தான் குஞ்சுகளைக் கொல்லும் ரத்தக்கழிச்சலும் பெருகுகிறது.

ஆகவே கூண்டு செய்ய வேண்டியது இரண்டு வேலை. கோழியின் தலைக்கு மேலே காற்று இரவும் பகலும், மழையிலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்து தூங்கும் கோழியின் மேல் நேராக வீசக் கூடாது. கோழி இறகை உப்பி அதற்குள் காற்றைப் பிடித்து வைத்துத்தான் சூடு காக்கிறது. எதிர்க்காற்று அந்த இறகைப் பிரித்துவிடும், சாரல் நனைத்துவிடும்.

குளிர்நாட்டுக் கூண்டுப் படங்களைப் பார்த்து, கூரை உச்சியில் ஒரு துவாரம் விட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அங்கே உள்ளே வெதுவெதுப்பு, வெளியே கடுங்குளிர். அந்த வித்தியாசத்தில் சூடான காற்று தானே மேலேறி வெளியேறும். சென்னையில் உள்ளுக்கும் வெளிக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தாலே அதிகம். இங்கே வீசும் காற்றுதான் வேலை செய்ய வேண்டும். அதற்கு எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு வேண்டும்.

எந்தத் திசையில் வைப்பது

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை, மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மட்டுமே படும். கூரையை ஒருபக்கச் சாய்வாக, வடக்கே தாழ்வு, தெற்கே உயரம் என்று வையுங்கள். சென்னைக்கு இதில் இரட்டை லாபம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் காற்றும் பெரும்பாலும் வடக்கு, வடகிழக்கு, கிழக்கிலிருந்து அடிக்கும். தாழ்ந்த கூரை அதைத் தடுக்கும். மார்கழியில் உச்சிவெயில் தெற்கே சாய்ந்து வருவதால் உயர்ந்த தெற்குப் பக்கம் வழியாக உள்ளே புகுந்து உமியைக் காய வைக்கும். மே, ஜூனில் சூரியன் தலைக்கு நேர் மேலே, சற்று வடக்கே தள்ளிப் போவதால் அதே தெற்குப் பக்கத்தில் உச்சிவெயில் ஏறாது. கோடைப் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து வரும் கடல்காற்றும் அந்த வழியாகத்தான் நுழையும். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வைத்தால் இதெல்லாம் வீண். சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளி வையுங்கள்.

அளவுகள்

பத்துச் சிறுவிடைக் கோழிக்கு (சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி) 6 அடி நீளம், 4 அடி அகலம். ஒரு கோழிக்கு 2.4 சதுர அடி வருகிறது. பகலில் வெளியே மேய விடுபவர்களுக்கு இரவுக் கூண்டாக இது போதும். நாள் முழுக்க அடைத்து வளர்ப்பதானால் ஒட்டினாற்போல் 80 முதல் 100 சதுர அடிக்கு வலையடித்த திறந்தவெளி தேவை. தளம் தரையிலிருந்து 2 அடி உயரத்தில். தளத்திலிருந்து வடக்குச் சுவர் மூன்றரை அடி, தெற்குச் சுவர் 5 அடி. பெருவிடை, அசில் போன்ற உயரமான கோழிகள் என்றால் எல்லாச் சுவரையும் அரை அடி கூட்டிக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு ஒன்றரை அங்குல ஜிஐ ஸ்கொயர் பைப், 20 அடி நீளத்தில் சுமார் எட்டு பிடிக்கும். சவுக்குக் கம்பு மலிவு, ஆனால் இந்த ஊர் ஈரத்தில் அடி இற்றுப்போகும், கரையானும் ஏறும். கூரைக்கு 10 அடி கலர் ஷீட் மூன்று. வடக்கிலும் தெற்கிலும் இரண்டரை அடி, பக்கங்களில் ஏறக்குறைய 2 அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த இறவாரத்தில் கஞ்சத்தனம் பண்ணினால் மற்றது எதுவும் சரிவராது. மழை 45 டிகிரி சாய்வில் அடித்தாலும் வடக்குச் சுவரின் அடிமட்டத்தில்தான் படும்; மேல் திறப்பு நனையாது. இறவாரத்தை ஒரு அடியாகக் குறைத்துவிட்டு, பிறகு சாரல் அடிக்கிறதே என்று மேல் திறப்பை அடைப்பதில்தான் முக்கால்வாசிக் கூண்டுகள் கெடுகின்றன.

வலைக்கு அறுகோணக் கோழிவலையை வாங்காதீர்கள். அது கோழியை உள்ளே வைக்கும். பெருச்சாளியையும் கீரியையும் வெளியே வைக்காது. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள வெல்டட் மெஷ் வேண்டும். நான்கு பக்கங்களுக்கும் 85 சதுர அடி. சேதாரத்தோடு 100, அதாவது 4 அடி அகலச் சுருளில் 25 அடி. வெல்டிங் செய்த பிறகு துத்தநாகம் முக்கிய வலைதானா என்று கேட்டு வாங்குங்கள். முன்னாலேயே முக்கியதில் வெல்டிங் புள்ளிகள் முதல் மழையிலேயே துருப்பிடிக்கும். திருவான்மியூர், ஈஞ்சம்பாக்கம், திருவொற்றியூர் என்று கடலோரம் இருப்பவர்கள் பிவிசி பூசிய வலையே வாங்கிவிடலாம். எந்த வலையானாலும் வெட்டிய முனைகளில் பிரைமர் தொட்டு வையுங்கள். துரு அங்கேதான் தொடங்கும்.

சுவர்: கீழே மூடல், மேலே திறப்பு

முதலில் நான்கு பக்கமும் தளத்திலிருந்து கூரை வரை வலை அடித்துவிடுங்கள். மூடுவதெல்லாம் அதன் மேல்தான். வடக்கு, கிழக்கு, மேற்குப் பக்கங்களில் கீழ் இரண்டரை அடிக்கு 8 மில்லிமீட்டர் சிமென்ட் போர்டைக் கொக்கியில் மாட்டுகிற பலகையாகச் செய்துகொள்ளுங்கள். சாதாரண பிளைவுட் ஒரே மழைக்காலத்தில் உப்பி உரிந்துவிடும். செப்டம்பர் கடைசியில் மாட்டி, பிப்ரவரி கடைசியில் கழற்றி வைத்துவிட வேண்டும்.

இரண்டரை அடி என்பதற்குக் கணக்கு உண்டு. உட்காரும் கம்பு தளத்திலிருந்து ஒன்றேகால் அடி உயரம். உட்கார்ந்த சிறுவிடைக் கோழி சுமார் ஒரு அடி. ஆக, தலை இரண்டேகால் அடியில் இருக்கும். பலகை அதற்கு மூன்று அங்குலம் மேலே வரை மறைக்கிறது, காற்று அதற்கும் மேலே ஓடுகிறது. வடக்கில் மிஞ்சுவது 6 அடிக்கு ஒரு அடி, 6 சதுர அடி. தெற்கில் இதே உயரத்துக்கு மேலே 15 சதுர அடி. ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி நிரந்தரத் திறப்பு என்பது கைக்கணக்கு. அரை அங்குல வலை அதில் ஆறில் ஒரு பங்கை மறைக்கும் என்பதைக் கழித்தாலும் இங்கே மிச்சம் இருக்கிறது. கொசுவலை அடித்தால் பாதிக்கு மேல் போய்விடும். கொசுவால் அம்மை பரவும் என்பது உண்மைதான். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. கொசுவலையைச் சுற்றி அடித்து மூச்சை நிறுத்துவதைவிட, மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகத்திலோ பக்கத்துக் கால்நடை மருத்துவமனையிலோ கேட்டு ஊசி போட்டுவிடுவது மேல்.

தெற்குப் பக்கம் முழுக்க வலைக்கதவு. கீழே பலகை வேண்டாம். வடக்கில் கீழ்ப்பகுதி மூடியிருப்பதால் தெற்கிலிருந்து நுழையும் காற்று கீழ்மட்டத்தில் முட்டி நின்று, மேலேறி வடக்கு மேல் திறப்பு வழியாகப் போகும். அந்த வடக்குச் சுவரோரம்தான் கோழி தூங்கப்போகிறது.

படுதா கட்டும் முறை

கடைசியில் படுதாவும் வேண்டித்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் கட்டுவதைத் தலைகீழாகக் கட்ட வேண்டும். கூரையில் ஆணியடித்து மேலிருந்து கீழே தொங்கவிட்டால், முதலில் அடைபடுவது ஈரக்காற்று வெளியேறும் மேல்பகுதி. காற்று அடியில் புகுந்து கோழியின் காலுக்குக் கீழே வீசும். கோழிப்பண்ணைகளில் படுதாவின் அடி விளிம்பைத்தான் சட்டத்தில் அடித்து நிறுத்துவார்கள். மேல் விளிம்பில் முக்கால் அங்குல பிவிசி குழாயைச் சுருட்டித் தைத்து, கூரைச் சட்டத்தில் உள்ள கொக்கி வழியாகக் கயிறு போட்டு மேலே இழுப்பார்கள். எவ்வளவு மூடினாலும் மேலே ஒரு அடி மிஞ்சும்படி கயிற்றில் முடிச்சுப் போட்டுவிடுங்கள். அவசரத்தில் யார் இழுத்தாலும் அதற்கு மேல் ஏறக் கூடாது.

கூரை வேர்ப்பது

மார்கழி, தை மாதங்களில் வானம் வெளுத்திருக்கும் இரவுகளில் தகர ஷீட் வெளிக்காற்றைவிடச் சில்லிட்டுப்போகும். உள்ளே கோழி விட்ட மூச்சின் ஈரம் அதன் அடியில் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு விடியற்காலையில் சொட்டும். மழையே பெய்யாத வாரத்தில் உமி நனைந்திருந்தால் காரணம் இதுதான். மேல் திறப்பு சரியாக இருந்தால் பெருமளவு குறையும். இங்கே சொன்ன சாய்வில், அதாவது 4 அடிக்கு ஒன்றரை அடி, கோத்த துளிகளும் பெரும்பாலும் ஷீட்டோடு வழிந்து வடக்கு இறவாரத்துக்குப் போய்விடும். தட்டையான கூரையில் நேராகக் கோழி முதுகில் விழும்.

ஷீட்டுக்குக் கீழே தெர்மகோல் ஒட்டுவதானால் அதை வலையோ பலகையோ போட்டு மறைக்க வேண்டும். கோழி அதைக் கொத்தித் தின்னும். கீற்றை உள்ளே வேய்ந்தால் செல்லுப்பூச்சியும் பேனும் குடியேறும். ஷீட்டின் மேலே போட்டுக் கயிற்றால் கட்டுவது கோடைக்கு அருமையான ஏற்பாடு, ஆனால் தீபாவளி ராக்கெட்டை நினைத்துக்கொண்டு, ஐப்பசிக்கு முன்னால் இறக்கிவிடுங்கள். மொட்டைமாடியில் வைப்பவர்களுக்கு ஷீட்டுக்கு ஒரு அடி மேலே 75 சதவீத நிழல்வலை கட்டுவதே சுலபம். அதையும் புயல் காலத்தில் அவிழ்த்துவிட வேண்டும்.

தளம், கம்பு, முட்டைப் பெட்டி

இரவெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் கோழி எச்சத்தில் பெரும்பகுதி கம்புக்கு அடியில்தான் குவியும். அதை உமியில் கலக்க விடாமலிருந்தால் கூண்டின் ஈரம் பாதியாகிவிடும். எனவே வடக்குப் பாதி, 6 அடிக்கு 2 அடி, தளத்தை வலையாக விடுங்கள். இதற்கு அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலக் கண் உள்ள கனத்த வலை. சதுர அரை அங்குலத்தில் எச்சம் அடைத்துக்கொள்ளும். ஒரு அங்குலச் சதுரத்தில் எலிக்குஞ்சு நுழையும். அதற்கு ஒரு சாண் கீழே பழைய ஃப்ளெக்ஸ் பேனரைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தட்டு. தட்டில் காய்ந்த தேங்காய் நார்க்கழிவைத் தூவி வாரம் ஒருமுறை வழித்தெடுங்கள். மக்க வைத்தால் மாடித்தோட்டத்துக்கு உரம். தட்டு இல்லாமல் வெறும் வலையாக விட்டால் அடியிலிருந்து வாடைக்காற்று நேராக வயிற்றில் அடிக்கும்.

தெற்குப் பாதி கடப்பாக் கல் அல்லது சிமென்ட் போர்டு, மேலே 3 அங்குலம் நெல் உமி. ஒரு சாக்கு போதும். விளிம்பில் அரை அடிப் பலகைத் தடுப்பு வேண்டும், இல்லையென்றால் கீறிக் கீறி வெளியே தள்ளிவிடும். கடலைத்தோலும் நல்லது. நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் மழைக்காலத்தில் உமிக்குப் பதிலாக வேண்டாம். உமி கட்டி தட்டினதும் சுண்ணாம்பைக் கொட்டுவது வேறொரு பழக்கம். ஈரமான எச்சத்தில் சுண்ணாம்பு பட்டால் அந்த நேரத்துக்கு அம்மோனியா இன்னும் அதிகமாகக் கிளம்பும். சுண்ணாம்பு தூவுவதானால் பழைய உமியை அள்ளிவிட்டு, காய்ந்த தளத்தில் தூவி, அதன் மேல் புது உமி போடுங்கள்.

தண்ணீர்ப் பாத்திரத்தை உமி மேல் வைக்கவே கூடாது. வலைத்தளத்தின் ஓரத்தில், கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள்; சிந்தினால் கீழே போகட்டும்.

உட்காரும் கம்பு இரண்டு, ஒவ்வொன்றும் 6 அடி. சுவரிலிருந்து முதல் கம்பு 10 அங்குலம், அடுத்தது அதிலிருந்து 12 அங்குலம். ஒரு கோழிக்கு 8 அங்குலம் வீதம் பத்துக்கு 80 அங்குலம்தான் தேவை, ஆனால் மார்கழியில் ஒட்டி உட்காரும் கோழி சித்திரையில் விலகி உட்காரும். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஏணிப்படி மாதிரி வைத்தால் மேல் கம்புக்குத் தினமும் சண்டை. 2 அங்குல அகல மரம், மேல் விளிம்பை இழைத்து உருட்டியது. இரும்புக் குழாய் வழுக்கும், குளிரும்.

முட்டைப் பெட்டி மூன்று, ஒவ்வொன்றும் ஒரு அடிக் கன சதுரம், கிழக்குச் சுவருக்கு வெளியே தொங்கலாக. மேற்கில் வைத்தால் பிற்பகல் வெயிலில் பெட்டி வெந்துபோகும். அடிப்பலகை கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோழி அதற்குள் தூங்கி முட்டையை அசிங்கம் பண்ணும். சாய்வு மூடியின் கீல் மேல் பழைய சைக்கிள் ட்யூபைப் பிளந்து பட்டையாக ஆணியடித்துவிடுங்கள். கிழக்குச் சாரல் கீல் இடுக்கு வழியாகத்தான் உள்ளே இறங்கும்.

கோழியை விடும் முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

காலிக் கூண்டில், காற்றுள்ள ஒரு மாலையில், பலகை மாட்டிய நிலையில் ஊதுபத்தியைக் கம்பு உயரத்தில் பிடியுங்கள். புகை மெதுவாக மேலேறி இரண்டரை அடிக்கு மேல் போனதும் ஒரு பக்கமாக இழுபட்டு வெளியேறினால் சரி. கம்பு மட்டத்திலேயே படுத்து ஓடினால் எங்கோ இடுக்கு இருக்கிறது. பலகைச் சந்துகளைத் தேடுங்கள். அங்கேயே சுழன்று நின்றால் எதிர்ச்சுவர்த் திறப்பு அடைபட்டிருக்கிறது.

கோழி வந்த பிறகு, விடியற்காலை கதவைத் திறந்ததும் குனிந்து, கோழியின் தலை மட்டத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றபடி முகர்ந்தால் தெரியாது. கண் கரித்தால் அளவு எப்போதோ மீறிவிட்டது. உமியை ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள்: கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது, கொழுக்கட்டையாக நின்றால் அன்றைக்கே மாற்ற வேண்டியது. கூரை ஷீட்டின் அடிப்பக்கத்தையும் அதே நேரத்தில் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

குஞ்சுகள் இருந்தால்

மேலே குளிரைப் பற்றிச் சொன்னது வளர்ந்த கோழிக்கு. இறகு முளைக்காத குஞ்சுக்கு மார்கழி உண்மையிலேயே குளிர்காலம். முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி, பிறகு வாரம் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுக்கு 2 வாட் வீதம் குண்டு பல்பு. எல்இடி சூடு தராது. ஒன்றரை அடி உயரத் தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்துங்கள், மேலே திறந்தே இருக்கட்டும். மூலை இருந்தால் அதில் நெருக்கியடித்துக்கொண்டு அடியில் இருப்பவை செத்துப்போகும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், விளிம்புக்கு ஓடினால் சூடு, பரவலாகக் கிடந்தால் சரி. வளர்ந்த கோழிக்குச் சூட்டுக்காகப் பல்பு போடுவது சென்னையில் தேவையில்லாத வேலை. தூசியும் உமியும் உள்ள இடத்தில் தீ ஆபத்தும்கூட.

புயல் வந்தால்

இரண்டரை அடி இறவாரம் பெருங்காற்றில் பாய்மரமாகிவிடும். ஷீட்டை ரப்பர் வாஷரோடு கூடிய திருகாணியால் மேட்டில்தான் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். இறவாரத்துக்கு முக்கோணத் தாங்கல் கொடுங்கள். தரையில் என்றால் நான்கு காலையும் ஒன்றரை அடி ஆழத்தில் கான்கிரீட்டில் நிறுத்தலாம். மொட்டைமாடியில் துளை போட்டால் தளம் ஒழுகும், ஆகையால் கால்களைக் கனமான கான்கிரீட் கட்டைகளில் பதித்து, கூரைச் சட்டத்திலிருந்து கைப்பிடிச்சுவர்த் தூணுக்குக் கம்பிக் கயிறு கட்டுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் தேங்கிய வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்ந்த பகுதிகளில் 2 அடிக் கால் போதாது. அங்கே மாடிதான் இடம்.

புயலன்று மட்டும் கயிற்று முடிச்சை அவிழ்த்து, காற்று வரும் பக்கங்களை முழுக்க மூடலாம், எதிர்ப்பக்கம் மட்டும் திறந்திருக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தாவில் நடந்ததுபோலக் கண் நகரத்தின் மேலேயே கடந்தால், கொஞ்ச நேரம் காற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். அந்த இடைவெளியில் படுதாக்களை மாற்றிவிட வேண்டும். தெற்குப் பக்கத்துக்கும் ஒரு படுதாவைத் தயாராக வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான். மறுநாள் காலை எல்லாப் படுதாவையும் இறக்கி, பலகைகளையும் ஒரு பகல் கழற்றி வைத்து, நனைந்த உமியை ஒரு கைப்பிடி விடாமல் அள்ளுங்கள். அடியில் கொஞ்சம் ஈரம்தானே என்று அதன் மேலேயே புது உமியைப் பரப்பினால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.